படுக்க மறுத்த கம்பு

நாற்றுக்காரனுக்குத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு. பறக்காவெட்டி. வைத்தது யாரென்று தெரியவில்லை, ஆனால் வைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேருந்து நிற்பதற்குள் இறங்கிவிடுவான். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், அதுவும் பெரும்பாலும் வேறு கேள்விக்கு. வீட்டு வாசற்கதவில் இன்றைக்கும் பச்சைப் பெயிண்டில் ஐந்து விரல் பதிந்திருக்கிறது. காய்ந்துவிட்டதா என்று அவன் தொட்டுப் பார்த்த அடையாளம் அது.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் நிலத்தில் மருந்தடிக்காமல், உழாமல் காய்கறி போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது முதலில் குதித்தவன் அவன்தான். “நாத்து என்னோடது, நிலம் உன்னோடது. ஜமாய்ச்சிடலாம்” என்றான். ‘உழாமல்’ என்ற சொல் அவன் காதில் விழவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் திட்டம் எளிமையானது. மண்ணை வெறுமையாக விடக்கூடாது. கம்பும் தட்டைப்பயறும் நெருக்கமாக விதைத்து ஆளுயரம் வளரவிட வேண்டும். கம்பு பூக்கும் சமயத்தில் கனமான இரும்பு உருளையை ஓட்டி எல்லாவற்றையும் தரையோடு படுக்கவைத்துவிட்டால், தண்டு நசுங்கி அப்படியே காய்ந்துவிடும். அறுக்கவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். காய்ந்த தழை பாய் விரித்த மாதிரி மண்ணை மூடிக்கொள்ளும். அடியில் ஈரம் நிற்கும், களை தலை தூக்காது. அந்தப் பாயை அங்கங்கே விலக்கி, குழி போட்டு நாற்றை நட வேண்டியதுதான்.

“காயத்தைத் தினமும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா ஆறுமா? மண்ணும் அப்படித்தாங்க. மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்” என்பாள்.

சும்மா இருப்பதுதான் அவனுக்கு வராத வேலை. முதல் வருஷம் நாலு களையைப் பார்த்ததும் கை பொறுக்காமல் டிராக்டரை இறக்கி ஒரு சால் ஓட்டிவிட்டான். இரண்டாவது வருஷம், தழை இவ்வளவு கிடக்கிறதே என்று பாதியை அறுத்துப் பக்கத்து மாட்டுக்காரருக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டான். இரண்டு முறையும் அவள் வைத்த கத்தரியும் வெண்டையும் களைக்குள் மூச்சுமுட்டிப் போயின. மூன்றாவது முறை விதைக்கும்போது அவள் சத்தம் போடாமல் சொன்னாள்.

“இதுலயும் கை வெச்சீங்கன்னா நான் கடைக்கே போயிடுவேன். எப்ப வந்தாலும் சேத்துக்கிறேன்னு முதலாளி சொல்லியிருக்கார். நிலத்தை நீங்களே கட்டி ஆளுங்க.”

கத்தினால்கூடப் பரவாயில்லை, அவள் சத்தம் போடாமல் சொன்னால்தான் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றிருந்தான். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக இருந்தான். கம்பும் நன்றாகவே வளர்ந்தது.

வினை தக்காளியில் வந்தது. கம்பில் கதிர் தெரிய ஆரம்பித்த பிறகு தக்காளி விதையைப் போடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். ‘முன்னாலேயே இருந்தால் என்ன, கசக்குமா?’ என்று இவன் எப்போதோ போட்டுவிட்டான். இப்போது நிழல்வலைக் கொட்டகையில் தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று காத்துக்கிடந்தது. தண்டு மெலிந்து நெட்டையாக நீண்டுவிட்டது. கீழ் இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தட்டைத் தூக்கினால் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. ஊருக்கெல்லாம் நாற்று விற்கிறவன் தன் நாற்று வயது தாண்டிப் போவதைத் தினம் காலையில் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஒரு வாரமாவது கூட இருக்க வேண்டும் என்று மனைவி கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“கம்பு இப்பத்தான் தொண்டைக்கதிர்ல இருக்கு. கதிர் முழுசா வெளிய வந்து பூக்கணும். தட்டிப் பாத்தா உள்ளங்கையில மஞ்சளாப் பொடி கொட்டணும். அதுக்கு முன்னாடி உருட்டினா அது சாகாது. புரியுதா?”

“புரியுது, புரியுது.”

“என்ன புரிஞ்சுது?”

“மஞ்சளாக் கொட்டணும்.”

“எது?”

பேருந்து வந்துவிட்டது. அவன் தப்பித்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கம்புத் தண்டைப் பிளந்து பிளந்து பார்த்தான். கதிர் உள்ளேயே சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் கொட்டகைக்குள் போனால் ஒரு தக்காளி நாற்றில், தட்டில் இருந்தபடியே, மொட்டு வந்திருந்தது. பூக்க வேண்டியது பூக்கவில்லை, பூக்கக் கூடாதது பூக்கப் போகிறது. அவ்வளவுதான், அவனுக்குத் தாங்கவில்லை. டிராக்டரில் உருளையை மாட்டினான்.

உருளையைச் செய்து கொடுத்த வெல்டர் வேடிக்கை பார்க்க வந்தான். பழைய இரும்புப் பீப்பாயில் குறுக்கே தகடுகளைப் பற்றவைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பிய உருளை அது.

“தங்கச்சி ஓட்டச் சொல்லிச்சா மச்சான்?”

“சொல்லாமலா ஓட்டுறேன்?”

“இல்ல, ஓட்டும்போது நறநறன்னு தண்டு நொறுங்குற சத்தம் கேக்கும்னு தங்கச்சி சொல்லிச்சு. இங்க ஒரு சத்தத்தையும் காணோமே?”

“உன் உருளை அவ்வளவு வழவழன்னு ஓடுதுடா. சந்தோஷப்படு.”

வெல்டர் சந்தோஷப்பட்டான். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. ஆளுயரப் பயிர் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பச்சைக் கம்பளம் விரித்தது போல் கிடந்தது. இதற்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நாற்றுக்காரன் நினைத்துக்கொண்டான். அன்று மாலையே நடவை ஆரம்பித்து, மறுநாள் இருட்டுவதற்குள் தக்காளி முழுவதையும் நட்டு முடித்தான். இடுப்பு ஒடிந்தது, மனசு குளிர்ந்தது. அவள் வந்து பார்த்து வாயடைத்துப் போவதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

அதற்கு மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு வரப்பில் நின்றவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. படுத்திருந்த கம்பு ஒவ்வொன்றும், தூங்கி எழுகிறவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவது போல், நுனியை மட்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. வெயிலுக்கு அடங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வெயில் ஏற ஏற அது இன்னும் நன்றாக எழுந்தது. நாலு நாளில் இடுப்பளவு நின்றது. தட்டைப்பயறு மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்டுச் செத்திருந்தது.

அடியில் தக்காளி இருட்டில் கிடந்தது. மறுபடி உருளையை ஓட்டலாம் என்றால் நாற்று முழுவதும் கூழாகிவிடும். அறுக்கலாம் என்றால் கம்பு ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். ஒரு வரிசையைக் காலால் மிதித்துப் படுக்கவைத்துப் பார்த்தான். அடுத்த வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை மெல்ல நிமிர்ந்தது. கயிறு கட்டி, கல் வைத்து அமுக்கினான். கல்லைச் சுற்றிக்கொண்டு வளர்ந்தது. “படுடா!” என்று பயிரைப் பார்த்துக் கத்தினான். பக்கத்து மாட்டுக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவனைத் தவிர யாரையும் காணாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஃபோன் வந்தது.

“கம்பு எப்படி இருக்கு?”

“நிக்குது” என்றான். பொய் இல்லையே.

“அவசரப்படலையே?”

“நானா? அக்கா கால் எப்படி இருக்கு, அதைச் சொல்லு முதல்ல.”

அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று தெரிந்தது. வெல்டரைக் கூட்டிவந்து காட்டினான். வெல்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“சிரிக்காதடா. வழி சொல்லு.”

“களைக்கொல்லி அடிச்சா ஒரே வாரத்துல காஞ்சிடும்.”

“மருந்தடிக்காம விளைவிக்கத்தான் அவ வேலையையே விட்டா. வீட்டை விட்டுத் துரத்திடுவாடா என்னை.”

“அப்ப உழுதுடு. ஒரு மணி நேர வேலை. தங்கச்சி கேட்டா, காட்டுப்பன்னி புகுந்து மொத்தத்தையும் கிளறிப் போட்டுச்சு, வேற வழியில்லாம ஓட்டினேன்னு சொல்லு. நானும் பாத்தேன்னு சொல்றேன். எத்தனை பன்னின்னு மட்டும் முன்னாடியே பேசி வெச்சுக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலப்பையை மாட்டி, டிராக்டரை வரப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். இருக்கையில் உட்கார்ந்தான். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பன்றிக் கதையை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். நன்றாகவே இருந்தது. அவள் நம்பிவிடுவாள். அதுதான் அவனைக் குத்தியது. நம்பிவிட்டு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நாலாவது தடவையும் முதலிலிருந்து விதைப்பாள். இந்தத் தடவை அவள் தோற்றது எதனிடம் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். களையிடமும் இல்லை, மண்ணிடமும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். இறங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேராக நிலத்துக்கு வந்தாள். கம்பு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்தாள். ஒவ்வொரு தண்டிலும் தரையோரமாக, மடக்கிய முழங்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ஒன்றை விரலால் தடவினாள். அடுத்ததைத் தடவினாள். தண்டுகளை விலக்கினாள். உள்ளே வெளுத்துப்போன ஒரு தக்காளி நாற்று தலை தொங்கி நின்றது.

“எப்ப உருட்டினீங்க?”

“நீ போன மூணாம் நாள்.”

அவள் நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள். “டிராக்டர் எதுக்கு நிக்குது? அதுவும் கலப்பையோட?”

“உழுதுட்டு, பன்னி வந்துச்சுன்னு சொல்லலாம்னு கொண்டுவந்தேன்” என்றான். “ஓட்டல.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவள் திட்டவில்லை.

“கம்பு பிழைச்சுக்கிச்சு. இனிமே பூக்கும். உங்க தக்காளிதான் பிழைக்காது. அதையும் சேத்துத்தான் உருட்டணும்” என்றாள். “கொஞ்சம் விதை மிச்சம் இருந்தா இப்பப் போடுங்க. இப்பத்தான் சரியான நேரம்.”

திங்கட்கிழமை காலையில் அவள் மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். சொன்னபடி செய்தாள், அவ்வளவுதான். சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிலத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? கம்பின்மேல் காட்டிப் பார்த்தாகிவிட்டது.

அன்றிலிருந்து தினம் காலையில் அவன் தனியாக நிலத்துக்குள் போய்க் கதிரைப் பிடித்து உள்ளங்கையில் தட்டினான். ஒன்றும் கொட்டவில்லை. மறுநாள் தட்டினான். ஒரு எறும்பு விழுந்தது. கொட்டகையில் புதுத் தக்காளி விதை முளைத்து இரண்டு இலை விட்டது. கம்பு, கதிரை வெளியே நீட்டிவிட்டு, பூக்காமல் இவனைப் பழி வாங்கிக்கொண்டிருந்தது. சில நாள் தட்டுகிற வேகத்தில் கதிரே ஒடிந்து கையோடு வந்தது.

ஒரு நாள் காலையில் லேசாகத்தான் தட்டினான். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது.

டிராக்டர் பத்தடி தூரத்தில் நின்றது. கலப்பையைக் கழற்றி, உருளையை என்றைக்கோ மாட்டி வைத்திருந்தான். நாற்றுக்காரன் அதைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கையை மெல்ல மூடிக்கொண்டு தெருவில் இறங்கிக் கடையை நோக்கி நடந்தான். ஓடினால் கொட்டிவிடும். எதிரே வந்த வெல்டர், “என்ன மச்சான், உடம்பு சரியில்லையா? மெதுவா நடக்கிற?” என்று கேட்டான். நாற்றுக்காரன் மூடிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தான்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வழக்கமாக எல்லோரையும் தாண்டிப் போய், “ஒரே ஒரு நிமிஷம்” என்று கையை நீட்டுகிறவன், மூடிய கையோடு கடைசியில் போய் நின்றான். முன்னால் இருந்த பெரியவர் ஒவ்வொரு மாத்திரைக்கும் விளக்கம் கேட்டார். அவளும் நிதானமாகச் சொன்னாள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முறை வந்ததும் மேசைமேல் கையை விரித்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். சீட்டைப் படிக்கிற மாதிரி இரண்டு தடவை பார்த்தாள்.

“எல்லாக் கதிருமா, முன்னாடி வந்தது மட்டுமா?”

“முன்னாடி வந்தது மட்டும்.”

“அப்ப எல்லாம் கொட்டட்டும். ஞாயித்துக்கிழமை உருட்டலாம்” என்றாள். “அன்னைக்கு எனக்கு லீவு. நானும் வரேன்.”

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

“அதுக்குள்ள முத்திடாதா?” என்று கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் கையை மூடிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டான்.