சும்மா இருக்காத விரல்

பல்பு கம்பெனி வாசலில் லாரி போய் நின்று இரண்டு மணி நேரமாகிவிட்டது. அட்டைப்பெட்டிப் பட்டறையிலிருந்து கணினியில் அனுப்பிய சரக்கு விவரத்துக்குக் கம்பெனி 'ஏற்கப்பட்டது' என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். திரையிலோ காலையிலிருந்து 'பெறப்பட்டது' என்பது பசை போட்டு ஒட்டியதுபோல் அசையாமல் கிடந்தது. மூன்று மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். முதல் லோடு அட்டைப்பெட்டியே திரும்பி வந்தால் அடுத்த ஆர்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த முதல் ஆர்டரைப் பிடித்தவள் அவள். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள். காகிதச் சீட்டே போதும் என்ற சித்தப்பாவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டித்தான் பட்டறைக்குள் கணினியைக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அவர் சும்மா விடுவாரா?

"என்னம்மா பட்டதாரி, உன் கம்ப்யூட்டர் பெட்டி என்ன சொல்லுது?"

"நானே கொதிச்சுப் போயிருக்கேன் சித்தப்பா. வாயக் கிளறாதீங்க."

"சீட்ட நீட்டினா காவக்காரர் கதவத் தொறந்துட்டுப் போறாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். சரக்குப் பிரிவுப் பெண் எடுத்ததும் பாய்ந்தாள். "ஒரு விவரத்தப் பாக்க எத்தனை மணி நேரங்க? தூங்குறீங்களா?"

"எங்கங்க தூங்க விட்டீங்க? காலையிலிருந்து பதினேழு தடவை அனுப்பியிருக்கீங்க! புதுசு வந்தா பழசு ரத்தாயிடும், வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க. இருபது நிமிஷம் கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க, முடிஞ்சிரும்."

அவள் அனுப்பியது ஒரே ஒரு தடவை. மெதுவாகத் திரும்பினாள். சித்தப்பாவின் கட்டைவிரல் அவருடைய போனுக்கு மேலே, இறங்கத் தயாராக நின்றது.

"நீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. என்ன ஆச்சுன்னு அப்பப்ப பாத்தேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

"நீ என் போன்லயும் போட்டுக் குடுத்தியே, அதுல 'அனுப்பு'ன்னு இருக்குல்ல, அத அமுக்கித்தான். அமுக்கினவுடனே 'பெறப்பட்டது'ன்னு பதில் வருது. இந்த வீட்டுல வேற யாரு எனக்கு இவ்வளவு மரியாதையா பதில் சொல்றீங்க?"

விதையைப் போட்டுவிட்டு முளைத்ததா என்று நிமிஷத்துக்கொரு தரம் தோண்டிப் பார்த்த கதைதான். கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சிரிப்பு வந்து அதைத் தள்ளிவிட்டது. போனைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த பெட்டிக்குள் போட்டாள்.

"ரெண்டு கைக்கும் வேலை குடுங்க. பெட்டி மடிங்க!"

மடித்தார். பதற்றத்தில் மடிப்பதும் டேப் ஒட்டுவதும் அடுக்குவதுமாக இயந்திரமே தோற்றுப்போகும் வேகம். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணி இரண்டு ஐம்பது.

'ஏற்கப்பட்டது.'

"சித்தப்பா!" என்று அவள் கத்திய அதே நொடியில் எங்கோ அவருடைய போன் அடித்தது. போனைப் போட்ட பெட்டியைக் காணோம். அதையும் ஒட்டி அடுக்கியிருந்தார் மனுஷர். இருவரும் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துத் தேடினார்கள். ஏழாவது பெட்டியைக் கிழித்து அவள் போனை எடுத்தாள்.

"கதவத் தொறந்துட்டாங்க, உள்ள போறேன்," என்றார் டிரைவர். "எவ்வளவு நேரம் அடிக்கிறது? செத்தீங்களா பொழைச்சீங்களா?"

சித்தப்பா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பிறகு போனுக்காக மெல்லக் கையை நீட்டினார்.

"ஏத்துக்கிட்டது நெசந்தானான்னு ஒரே ஒரு தடவை..."

அவள் டேப்பை எடுத்து அவர் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"சாயங்காலம் பிரிச்சு விடறேன்."