மடிப்பைக்குள் ஒரு பேத்தி

என் மாமனாரின் படம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைக் குளிரிலிருந்து காக்கும் மடிப்பையைக் கண்டுபிடித்தவர் அவர். பார்க்கச் சின்னத் தூக்கப்பை மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் ஒரு மெழுகுத் தகடு. வெந்நீரில் ஒருமுறை சூடாக்கினால் போதும். மெழுகு இறுகி முடியும்வரை பைக்குள் தாயின் உடம்பளவு சூடு அப்படியே நிற்கும். மின்சாரம் வேண்டாம்.

அதை வீட்டில்தான் சோதித்தாராம். குழந்தைக்குப் பதிலாக, அதே எடைக்குப் பிசைந்த மாவு உருண்டை. தெர்மாமீட்டரைச் செருகிச் செருகிப் பார்ப்பாராம். மூத்த பிள்ளை மாவு, இளையவன்தான் உன் புருஷன் என்று மாமியார் கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்தார்.

என் மகள் அவசரக்காரி. இரண்டு மாதம் முன்பே பிறந்துவிட்டாள். இன்குபேட்டர் எதுவும் காலியில்லை என்று மடிப்பையில் வைத்தார்கள். உள்ளங்கால் நீலம் பாரித்திருந்தது. உடம்பில் சூடு ஏறினால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் வந்ததும் பையின் தையலைப் பார்த்தார். மெழுகை அமுக்கினார். பையைத் திறந்து, குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். மூடினார். மனசு கேட்காமல் மறுபடி திறந்தார். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த சூடு வெளியே போனது. மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மாவு இல்லைங்க, உங்க பேத்தி. மூடுங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பை காப்பாத்திடும்ல மாமா?" என்றேன்.

"தெரியலம்மா," என்றார், ஊருக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்தவர். "இவ்வளவு சின்னதா இருக்காளே."

அவர் யாரென்று தெரியாத நர்ஸ் வந்து பையின் நாடாவை இறுக்கினாள். "திறந்து திறந்து பார்த்தா சூடு எப்படிங்க நிக்கும், பெரியவரே? நானும் இதுக்குள்ள கிடந்தவதான். எங்கம்மா தொடவே விடலையாம்."

மாமனார் அவளை அண்ணாந்து பார்த்தார். நெடுநெடுவென்று வளர்ந்தவள். கையைக் கொடும்மா என்று கேட்டு வாங்கியவர், நெடுநேரம் விடவில்லை. தான் யாரென்று அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த மாமியாரையும் கண்ணாலேயே அடக்கினார்.

அவர் வாங்கிய விருதுகளைத் தூசி தட்டி அடுக்கியவள் நான். இப்படிப் பிழைத்து நடமாடுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர், எந்தெந்தத் தெருக்களில்?

மதியம் டாக்டர் அந்த நர்ஸுடன் வந்து பையைத் திறந்தார். உள்ளங்கால் செக்கச்செவேலென்று இருந்தது. இனிப் பயமில்லை என்றார். மாமியார் என் தலையைத் தடவிக்கொண்டே அழுதார்.

"நல்ல பைதாம்மா," என்றார் மாமனார் நர்ஸிடம், யாரோ செய்த பொருளைச் சொல்வதுபோல.