கட்டிலுக்குப் பக்கத்து இடம்

"இங்க சின்னப் பையனும் நான்தான், அழகனும் நான்தான்," என்றான் பிரெண்டன், முதியோர் இல்லத்தில் சேர்ந்த அன்று.

"போட்டிக்கு ஆளே இல்லையேடா!" என்று சிரித்தேன். பைக் விபத்தில் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த என் கணவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என்னால் அவனைத் தூக்க முடியவில்லை; அவன் வயதுக்காரர்களுக்கென்று வேறு இடமும் கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்து இன்றுதான், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், உடல் அசைவிழந்தவர்களுக்கான ஒரு வீட்டில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரவும் பகலும் உதவியாளர்கள் உண்டு. அவனைப் போன்ற இருவரும் உண்டு. மனைவி கூடத் தங்க மட்டும் இடமில்லை, அதுதான் அந்த வீட்டு விதிமுறையாம். கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சக்கர நாற்காலியை அவனுடைய புது அறைக்குள் தள்ளினேன். ஒற்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த காலியிடத்தையே பார்த்தான். இத்தனை வருஷமாக என்னிடம் எதையுமே கேட்காதவன் மெல்லக் கேட்டான்:

"கோரின், இனிமேலாவது என்கூடவே இருக்கியாடி?"