ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

1

இந்தக் கதை, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நான் தலையை நீட்டியதில் பிறந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். துணி எடுத்துக்கொண்டிருந்தேன். (காய்ந்து ஒரு மணி நேரமாயிருந்த துணி.) வருஷம் 2006. இடம், திருப்பூரில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் பொன்விழா நகர். நகர் என்றால் பதினோரு வீடு, ஒரு பிள்ளையார், ஏகப்பட்ட நாய்.

பக்கத்து வீடு விற்பனைக்கு வந்திருந்தது. சொந்தக்காரர் சென்னியப்பன் பனியன் கம்பெனியில் நன்றாக வந்து, கோயமுத்தூருக்கே குடி போய்விட்டார்.

2

தொடக்கம் ஒன்று: 'அதிகாலைப் பனியில், கனவு இல்லம் தேடி ஒரு குடும்பம்...'

வேண்டாம். மணி பதினொன்றரை, மண்டையைப் பிளக்கும் வெயில், ஒரு மொபெட்டில் மூன்று பேர்: புருஷன், பெண்டாட்டி, மகள்.

தொடக்கம் இரண்டு: ராஜபாண்டி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுவார். வீட்டையும் அப்படித்தான் தேடினார். போகிற நகருக்கெல்லாம் பனியன் துணி வெட்டியதில் மிஞ்சிய ஒரு வெள்ளைக் கட்டிங் துண்டு கொண்டுபோவார். அங்கே போர்வெல் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். சாயம் ஏறியிருந்தால் ரிஜெக்ட். வெள்ளையாக வந்தால் பேனாவில் நகரின் பெயரெழுதிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

ஏழு நகரில் மிஞ்சியது இரண்டு. காங்கேயம் ரோட்டில் மல்லிகை கார்டன்: மல்லிகையும் இல்லை, கார்டனும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அடுத்தது நாங்கள். பள்ளிக்கூடம் பக்கம், அவர் மனைவி ரோஸ்மேரி டைலராக இருக்கும் கம்பெனிக்கு நடந்தே போகலாம்.

(ராஜபாண்டி, ரோஸ்மேரி. பேர்ப் பொருத்தத்தை நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன். லவ் மேரேஜ், தெற்கே நாசரேத் பக்கம், இரண்டு வீட்டாரும் இன்னும் பேசுவதில்லை. கதைக்குத் தேவையில்லைதான். தெரிந்ததை எப்படிச் சொல்லாமல் இருப்பது?)

3

துண்டு வெள்ளை வெளேரென்று வந்தது.

"பாத்தியா ரோசு, ஒரு பொட்டுக் கறை இல்ல. பாஸ்!"

"தங்கமான தண்ணிங்க. எங்கூட்ல இதையேதானுங்க குடிச்சோம்" என்றார், வீட்டைக் காட்ட வந்திருந்த சென்னியப்பன்.

(அவர் வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு தண்ணி லாரி வந்தது. நான் எண்ணியிருக்கிறேன்.)

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. எங்கள் நகருக்குப் பின்னால் ஓர் ஓடை. அதற்கு மேலே சாயப்பட்டறைகள். திங்கள் முதல் சனி வரை ஓடை ஒருநாள் ஊதா, ஒருநாள் மெரூன். வெளிநாட்டுக்காரன் கேட்கிற கலர். ஓடையை ஒட்டியிருக்கிற போரிலும் அதே கலர்தான். ஞாயிறு பட்டறைக்கு லீவு; ஓடையும் போரும் தெளிந்துவிடும்.

ராஜபாண்டிக்கும் ஞாயிறுதான் லீவு. ஏழு நகரையும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தார். (அப்படியும் ஐந்து நகர் தோற்றதென்றால் அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.) ஒரே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்குக்கும் பாஸ் போடுகிற செக்கரை அவரே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

5

ரோஸ்மேரியை முதலில் அப்பாவியாக எழுதினேன். சீரியல்காரி மாதிரி ஆகிவிட்டாள். கெட்டிக்காரியாக எழுதினால் அவளே ஓடையை எட்டிப்பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள், எனக்கு வேலையில்லை. உண்மையில் அவள் களைத்துப்போயிருந்தாள். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருக்கும் லைன் வீட்டில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷ ஓவர்டைம் மறுநாள் காலை அட்வான்ஸாகப் போகப்போகிறது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

"யக்கா, இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"ஏங் கண்ணு?"

"பிள்ளைக்கு மேலெல்லாம் சொறி. இப்ப இருக்கிற வீட்டுத் தண்ணியாலதான்னு டாக்டர் சொல்லுதாரு. அதான் கேக்கேன்."

6

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் மல்லிகை கார்டனுக்குப் போகிறார்கள். நான் நல்லவள்.

முடிவு இரண்டு: "ஆமா கண்ணு" என்கிறேன். பால் காய்ச்சுகிறார்கள், முதல் டம்ளர் எனக்குத்தான். பிள்ளை சொறிந்துகொண்டே...

இதை எழுத முடியவில்லை.

முதலாவதையும் எழுத முடியவில்லை. உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்: என் வீடும் விற்பனைக்குத்தான் இருக்கிறது. சென்னியப்பன் வீடு என்ன விலைக்குப் போகிறதோ, அதுதான் என் வீட்டுக்கும். முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தால் என்னோடு இவ்வளவு தூரம் வந்திருப்பீர்களா?

ரோஸ்மேரி இன்னும் சுவரோரம் நிற்கிறாள். நான் வாயைத் திறந்து, "கண்ணு, நீ நாளைக்கு..." என்பது வரை எழுதிவிட்டேன். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு விற்பனைக்கு இல்லை, உங்களுக்குச் சுலபம்.