பீம்ராவின் மாமு

தன் காலில் இருந்த கிருமிக்குப் பீம்ராவ் வைத்த பேர் மாமு. எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவன் ஓட்டிய கன்டெய்னர் லாரி கவிழ்ந்து வலது கால் எலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் குடியேறிய கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு பொல்லாத பழைய மருந்தைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். அது சிறுநீரகத்தைப் பாதி தின்றுவிட்டது. கிருமி மறுபடி தலைதூக்கினால் அந்த மருந்தையும் இனிக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி சங்கமித்ராவுக்கு வேலையே புது மருந்து தேடுவதுதான். எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சுரப்பதைப் பிரித்தெடுத்து, கிராம் நெகட்டிவ் கிருமிகள் மேல் சோதிப்பாள். அந்த வகைக் கிருமிக்குச் சுற்றிலும் இரண்டு சுவர். பெரும்பாலான மருந்துகள் வெளிச்சுவரோடு நின்றுவிடும். பீம்ராவின் காலிலிருந்து எடுத்த மாமுவும் இப்போது அவள் ஆய்வகத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தார்.

பீம்ராவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. மாமு ரெண்டு காம்பவுண்டு சுவர் எழுப்பின பெரிய பார்ட்டி என்று டீக்கடையில் அளந்துவிடுவான். வேலை முடிந்து வருகிறவளிடம் முதலில் விசாரிப்பதும் மாமுவின் சௌக்கியத்தைத்தான். அவளுக்கு எரிச்சல் வரும், கூடவே சிரிப்பும் வந்துவிடும்.

இந்த மாதம் ஒரு புதுப்பொருள் கிடைத்தது. கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, மனித ரத்த அணுக்களை அது உடைக்கவும் கூடாது. அந்தச் சோதனைக்கு ரத்தம் கேட்டபோது பீம்ராவ் முந்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து ஊசி என்றாலே அவனுக்கு உதறல். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அவள் துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தான்.

முடிவு தெரியும் நாளில் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்புக்கே கைத்தடியோடு வந்து நின்றான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் சொன்னாள்.

"மாமு செத்துட்டாரு."

அவன் முகம் ஒரு கணம் வாடிப்போனது. இத்தனை நாள் பழகியவர் ஆயிற்றே. "ரத்தம் இன்னா ஆச்சு?" என்றான்.

"அதையும் ஒடச்சிடுச்சு. இத உனக்குக் குடுத்தா நீயும் இருக்க மாட்ட."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு பேர் பார்ப்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை, தோளை அணைத்துக்கொண்டான்.

"ரெண்டு செவுத்தையும் தாண்டி உள்ள பூந்துட்ட இல்ல? அப்றம் இன்னாத்துக்கு அயுவுற?"

பொருளைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்க்கலாம் என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குப் புது ரத்தமும் வேண்டும் என்றாள்.

அவன் கைத்தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பிலேயே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டான். முகத்தை அப்போதே கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.