ஆறில் நின்ற குமிழ்

ஓட்டோவிலிருந்து, கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் எம்பை இறக்கும்போதே முனாஸ் முனகத் தொடங்கிவிட்டான்.

"அங்கிள், இதுக்குள்ள பாட்டுப் பெட்டியா ஈக்கி, இல்ல ஃபெக்டரியில இருந்த மெஷின் ஒண்டக் கழட்டிக்கொண்டு வந்துட்டீங்களா?"

"வால்வு எம்ப்னா அப்படித்தான்டா. ஒரு பக்கம் நீ புடி, பேச்சக் கொற" என்றார் ரபாயேல்.

அவருடைய மனைவி மார்ஜரி கிட்டாரை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் வந்தாள். மாத்தளை திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது முனாஸின் கடை. டிவி, மிக்ஸி, கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் உரிய ஸ்பீக்கர்கள் என்று எல்லாவற்றையும் அவன் திருத்துவான். பழைய வால்வு சாமான்களைத் தொடத் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

ரத்தோட்டையிலிருந்து வரும் வழியில் ரபாயேல் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்திருந்தார்.

"இந்தத் தடவையும் சரி வரலன்னா, ஞாயித்துக்கெழம திருநாளுக்கு நான் வாசிக்கல மார்ஜரி. அதோட விட்டுடுறேன்."

எம்பில் பழுது ஒன்றும் இல்லை என்பது மார்ஜரிக்குத் தெரியும். அதன் சத்தத்தைக் குறைத்து வைத்ததே அவள்தான்.

ரிவர்ஸ்டன் மலைப்பக்கத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் ரபாயேல். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கென்று மிஞ்சியது ஞாயிறு பூசையில் வாசிக்கும் கிட்டார் ஒன்றுதான். அவர் வாசிக்க, மார்ஜரி தியானப் பாடல் பாடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அது அப்படித்தான்.

போன இரண்டு வருஷத்தில் அவர் எம்பின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். நாலில் இருந்த குமிழ் ஐந்துக்குப் போனது, பிறகு ஆறுக்கு. குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும், பாடகர் குழுவை நடத்தும் நிரஞ்சனி மார்ஜரியைக் கோயிலின் பக்கக் கதவருகே கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்டி, கோவிச்சுக்காதீங்க. அங்கிள் வாசிச்சா எங்க குரல் எங்களுக்கே கேக்குதில்ல. இனிமே கீபோர்ட் மட்டும் போதுமான்னு ஃபாதர் யோசிக்கிறாங்க. அங்கிளுக்குக் காது..." என்று இழுத்தவள், அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

அதைக் கணவரிடம் சொல்ல மார்ஜரிக்கு நா எழவில்லை. உயிர்த்த ஞாயிறாகிய பாஸ்கா முடிந்த கிழமை, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய ஆயுதப் பெட்டியிலிருந்து மிகச் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். குமிழைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தினாள். உள்ளே இருக்கும் தண்டை மூன்றில் நிறுத்தி, குமிழை ஆறு காட்டும்படி திருப்பிப் பூட்டினாள். மறு ஞாயிறு பாடகர் குழுவின் முகங்கள் தெளிந்தன. ரபாயேலின் முகம்தான் இருண்டது.

ஆறுக்கு மேல் அவர் குமிழைத் திருப்பவும் மாட்டார். அது அவருடைய சட்டம்.

இப்போது முனாஸிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "க்ளீன் சனல ஆறுக்கு மேல கொண்டு போகாத. போனா அது க்ளீன் இல்ல, எண்ணெயில அப்பளம் பொரிக்கிற சத்தம். ஆறுல எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் இல்ல இப்ப."

"சரி, ஆறுலயே ஈக்கட்டும்" என்று முனாஸ் கிட்டாரைச் செருகினான். முதலில் கரகரப்புக்கென்று இருக்கும் டிரைவ் சனலில் ஒரு தட்டு. மேசையில் இருந்த ஆணி டப்பா அதிர்ந்தது. பிறகு க்ளீன் சனல். அடுத்த அறையில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது.

"விளங்குது. டிரைவ் நல்லா வேல செய்யுது. அப்ப கரண்ட் வாற பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் பிழையில்ல, அது ரெண்டுக்கும் பொது. க்ளீன் தனியா வாற பாதையிலதான் எங்கயோ அடைப்பு."

"நானும் அதத்தான் சொன்னேன். முதல் வால்வ மாத்திக்கூடப் பாத்தேன்" என்றார் ரபாயேல்.

"நீங்களே எல்லாம் பாத்துட்டா நான் என்னத்துக்கு? தேத்தண்ணி ஊத்தவா?"

ரபாயேல் சிரித்தார். மார்ஜரியால் சிரிக்க முடியவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் கிட்டார் உறையை மடித்தும் விரித்தும் உட்கார்ந்திருந்தாள்.

முனாஸ் பின்பலகையைக் கழற்றினான். வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்தன. அவன் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறு கையால் மட்டும் மீட்டர் கம்பியை உள்ளே விட்டான். உள்ளே முந்நூறு வோல்ட் இருந்தது. இரண்டு கையும் பட்டால் அது நெஞ்சு வழியாகப் பாயும். ரபாயேல் அதைப் பார்த்துத் தலையசைத்தார். தன் காலத்தில் ஃபெக்டரியில் அவரும் அப்படித்தான் வேலை செய்தார்.

வால்வின் ஒவ்வொரு காலிலும் அளந்தான். எல்லாம் சரியாக இருந்தது. மரக்குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் தட்டிப் பார்த்தான். எதுவும் இரையவில்லை. கைத்தொலைபேசியிலிருந்து ஒரே ஸ்வரத்தை எம்புக்குள் அனுப்பி, அது போகும் பாதையில் ஓரிடம் விடாமல் மீட்டரை வைத்துக்கொண்டு போனான். மார்ஜரி அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இடமிருந்து வலமாக, அவளுடைய திருட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

"இந்தா. வொலியூமுக்கு முன்னுக்கு முழுசா வருது. வொலியூமத் தாண்டினா கால்வாசிதான். கொன்ட்ரோல் தேஞ்சு போய்ட்டுது அங்கிள். புதுசு ஒண்டு போட்டுருவம்."

எம்பை அணைத்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு, குமிழைக் கழற்றுவதற்கு முன் அதை இடப்பக்கம் கடைசி வரை திருப்பினான். குமிழ் மூன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

முனாஸ் புருவத்தைச் சுருக்கினான். பூச்சியத்தில் நிற்கவேண்டிய குமிழ் அது. பக்கத்தில் இருந்த ஸ்குரூவை நகத்தால் தடவினான். இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் தலையில் புதிய கீறல் ஒன்று மினுங்கியது. அவன் மெல்ல நிமிர்ந்து மார்ஜரியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னடா?" என்றார் ரபாயேல்.

முனாஸ் அந்தக் கீறலின் மேல் கட்டை விரலை வைத்தான். "ஒண்டுமில்ல அங்கிள். ஸ்குரூ லூசாகி நொப் தானாத் திரும்பீக்கி. நீங்க ஆறுன்டு நெனச்சது உள்ளுக்கு மூணு. பாகத்துல ஒரு பிழையுமில்ல."

ரபாயேல் வாயைப் பிளந்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட கடவுளே! ஃபெக்டரி முழுக்க வயர் இழுத்தவன், ஒரு நொப்பப் பாக்கத் தெரியலயே! மார்ஜரி, கேட்டியா?"

முனாஸ் குமிழைச் சரியாகப் பூட்டினான். பூச்சியம் பூச்சியத்தில் நின்றது. ரபாயேல் அதை ஆறுக்குக் கொண்டுபோய், கிட்டாரை மடியில் வைத்து, திருநாள் பாடலின் முதல் ஸ்வரக்கூட்டை வாசித்தார்.

கடை அதிர்ந்தது. ஆணி டப்பா மேசை விளிம்புக்கு நகர்ந்தது. எதிர்ப்பக்கத் துணிக்கடையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முனாஸ் ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டான். ரபாயேல் மட்டும் கண்ணை மூடி வாசித்தார். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஓர் ஒளியை மார்ஜரி கண்டதில்லை.

இப்படியே விட்டுவிடலாம். முனாஸ் அவளுக்குத் தப்பும் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். அவள் அதன் வழியாக நடந்து போனால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதே சத்தம் கோயிலில் எழும். திருநாள் கூட்டத்தின் நடுவில் யாராவது காதைப் பொத்துவார்கள். யாராவது அவர் தோளைத் தட்டுவார்கள். அந்த விஷயம் அவருக்கு ஊராரிடமிருந்து போய்ச் சேரும்.

"நிப்பாட்டுங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்க் கிட்டார்க் கம்பிகளின் மேல் கையை வைத்தாள். "ஸ்குரூ தானாக் கழரலங்க. நான்தான் திருப்பி வச்சேன்."

ரபாயேல் அவளுடைய வாயையே பார்த்தார். "நீயா?"

"உங்க பெட்டியில இருந்த சின்ன ஸ்குரூ டிரைவரால."

"எப்ப?"

"பாஸ்கா கழிஞ்ச கெழம. உங்களுக்குச் சத்தம் காணாமப் போச்சு. மத்தவங்களுக்குக் கூடிப் போச்சு. உங்க கிட்டாருக்குள்ள யாரோட குரலும் கேக்கல. ஃபாதர் உங்கள நிப்பாட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நிரஞ்சனிக்கு. ஃபாதருக்கு." அவள் கம்பிகளிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு."

"எனக்கு மட்டும் சொல்ல முடியாமப் போச்சு."

"சொன்னா நீங்க கிட்டார மூடி வச்சிருப்பீங்க."

"இன்னைக்குக் காலையில மட்டும் என்ன சொன்னேன்? விட்டுடுறேன்னுதானே சொன்னேன்? அதையும் கேட்டுக்கிட்டுத்தானே வந்த?"

முனாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தான். "நான் ளுஹர் தொழுதுட்டு வாறன் அங்கிள். கடையப் பாத்துக்கொள்ளுங்க" என்று கதவை அரைவாசி சாத்திவிட்டு இறங்கிப் போனான்.

எம்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. அதுகூடத் தனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று மார்ஜரி நினைத்தாள்.

ரபாயேல், "குக்கர்" என்றார்.

"என்னங்க?"

"பருப்பு வச்சுட்டு நீ பின்னுக்குத் துணி காயப்போடப் போவ. வந்து எத்தன விசில்னு கேப்ப. நான் மூணுன்னு சொல்லுவேன்." கிட்டாரின் மரத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். "ஒண்ணும் கேட்டிருக்காது. சும்மா சொல்லுவேன்."

கல்லுப்போல இருந்த பருப்பும் குழைந்து கரைந்த பருப்பும் மார்ஜரிக்கு நினைவு வந்தன. குக்கரின் வளையத்தை அவள் இரண்டு தடவை மாற்றியிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு..."

"தெரியும். ஆனா எம்ப்ல பிழைன்னா நல்லா இருக்கும்னு நெனச்சேன். எம்ப்பத் திருத்தலாமே."

அவள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் தொடவில்லை. கோபம் இன்னும் கழுத்து நரம்பில் நின்றது. ஆனாலும் கை குமிழுக்குப் போனது.

"பாடு" என்றார்.

"இங்கயா?"

"ஞாயித்துக்கெழம பாடப்போற பாட்ட. கோயில்ல பாடுற மாதிரி."

மார்ஜரி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். அவர் வலக்கையால் ஒரு ஸ்வரக்கூட்டைத் தட்டிவிட்டு, அதே கையால் குமிழைக் கீழே இறக்கினார். மறுபடி தட்டினார், மறுபடி இறக்கினார். ஐந்து. நாலு. அவர் கண்கள் அவளுடைய உதட்டில் இருந்தன. மூன்றில் அவர் நிறுத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அது அவள் தேர்ந்தெடுத்த இடம். எல்லாருக்கும் போதுமானது என்று அவள் நம்பிய இடம். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் இறக்கினார். குமிழ் இரண்டுக்குச் சற்றுக் கீழே போனபோது அவருடைய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இங்க உன் குரல் கேக்குது" என்றார். "தூரத்துல. ஆனா கேக்குது."

மார்ஜரி பாட்டை நிறுத்தினாள். மூன்றில் வைத்தபோதுகூட அவருக்கு அவள் குரல் கேட்டதில்லை. நாலு மாதம் அவள் வாயசைவைப் பார்த்தேதான் அவர் வாசித்திருக்கிறார். இதை அவள் ஒரு ஞாயிறுகூட உணர்ந்ததில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழாத. அழுறதும் எனக்குச் சரியாக் கேக்காது" என்றார் அவர். அதில் பாதி பகிடி. பாதி பகிடி இல்லை.

முனாஸ் திரும்பி வந்தான். பின்பலகையைப் பூட்டி, குமிழின் ஸ்குரூவை இன்னொரு தடவை இறுக்கினான். எம்பை ஓட்டோவில் ஏற்றும்போது, "மாத்தளை ஆஸ்பத்திரியில காது கிளினிக் என்னைக்குடா?" என்று ரபாயேல் கேட்டார்.

"உம்மாவக் கூட்டிக்கொண்டு போனது செவ்வாய்க்கெழம. விடியக்காலத்துல போங்க அங்கிள், நம்பர் முடிஞ்சிரும்."

ஓட்டோ புறப்பட்டது. கால்களுக்கிடையில் எம்ப், மடியில் கிட்டார். கடைத்தெருவைத் தாண்டியதும் ரபாயேல் சாரதியின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நீ இந்தப் பக்கம் வா" என்றார் மார்ஜரியிடம். "இடது காதுதான் கொஞ்சம் பரவாயில்ல."

இருவரும் இறங்கி இடம் மாறி உட்கார்ந்தார்கள். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். ரத்தோட்டைப் பாதை மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மார்ஜரி அவருடைய இடது காதருகே குனிந்தாள்.

"ஞாயித்துக்கெழம வாசிப்பீங்களா?"

ஒரு வளைவு போனது, இன்னொன்றும் போனது.

"வாசிக்கிறேன். நிரஞ்சனிகிட்டச் சொல்லிரு. சத்தம் கூடினாக் கையக் காட்டச் சொல்லு." கிட்டாரை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பாதையைப் பார்த்தார். "எனக்குக் காட்டணும். உனக்கில்ல."