சட்டைப் பையில் வெள்ளைப் பொடி

'செய்தித் திலகம்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கிய சங்கத்துக்கு அவரேதான் தலைவர். டிவி செய்தியில் வெள்ளச் சேதத்தை வாசிக்கும்போதும் தலை கலையாமல் வருத்தப்படத் தெரிந்தவர்.

அப்பேர்ப்பட்டவரின் இரண்டு கண்களும் ஒருநாள் ரத்தமாகச் சிவந்தன. விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்:

"கண்ணுக்குள்ள கடுமையான அழற்சி சார். ஸ்டீராய்டு மாத்திரை தர்றேன். முகம் உப்பும், அப்புறம் வடிஞ்சிடும். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. பார்வை போச்சுன்னா திரும்பாது."

கண் தெளிந்தது. முகம் பூசணியாயிற்று.

"திலகம், எல்லார் வீட்லயும் பெரிய டிவி இல்லப்பா" என்றார் நிலைய இயக்குநர். அறையே சிரித்தது. திலகமும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து, மனைவி நீட்டிய மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினார். அவள் திரும்பியதும் அது சட்டைப் பைக்குப் போகும். தெருமுனையில் குப்பைக்குப் போகும். கரைந்தது மட்டும் பையில் ஒட்டிக்கொள்ளும்.

"ஏங்க, மேக்கப்காரர் பவுடரை மூஞ்சிக்குப் போடுறாரா, பாக்கெட்டுக்குப் போடுறாரா?" என்றாள், துவைக்கும்போது.

"கேமரா சமாச்சாரம்மா. உனக்குப் புரியாது."

கல்யாணமான நாளாய்க் கேட்கும் பதில். பையைத் திருப்பி உதறினாள்.

முகம் வடிய வடிய, "மாத்திரை நல்லா கேக்குது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தாள். கண் மறுபடி சிவந்தபோது அவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். எடுப்பாக இருப்பதாக அவரே சொல்லிக்கொண்டார். பரிசோதனைக்குக் கூப்பிட்டால், டூட்டி.

ஒரு மாலை நேரலையில், எதிரே ஓடிய எழுத்துகள் புகையாகிப் போயின. "வணக்கம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, மீண்டும் "வணக்கம்" என்றார். அதற்குமேல் வரவில்லை.

"மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நிறுத்தலையே டாக்டர்! தினமும் நானே என் கையால..." என்று பதறினாள் மனைவி. ஊசி மருந்து ஏற்றுவதற்காகக் கழற்றிய அவருடைய சட்டை அவள் மடியில் இருந்தது. பேசிக்கொண்டே பைக்குள் விரல் விட்டாள். வெள்ளையாக வந்தது.

ஊசிகளால் மிஞ்சியது, விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியுமளவு பார்வை.

இப்போதெல்லாம் மாலையில் இருவரும் செய்தி கேட்கிறார்கள்.

"புதுசா வாசிக்கிறானே, ஆள் எப்படி?"

"உங்க களை இல்லைங்க."

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பழைய முகம் வந்துடுச்சாம்மா?"

"அப்படியே வந்துடுச்சுங்க" என்றாள்.

குரல் உடையாமல் மட்டும் பார்த்துக்கொண்டாள். முகத்தை மறைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.